ஸ்கூலுக்குப் போகணும்... அவன் கேட்டது அவ்வளவுதான்!

1986 பிப்ரவரி 21, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் கோகோமோ என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் வெஸ்டர்ன் மிடில் ஸ்கூல். அங்கே படித்தவர்கள் மொத்தம் 360 பேர். அன்றைக்கு 151 பேர் வரவில்லை. காய்ச்சல் சீசன் இல்லை, திருவிழா இல்லை. ஒரே ஒரு பையன் அன்றைக்கு ஸ்கூலுக்கு வந்திருந்தான். அதுதான் காரணம்.

அவனுக்கு வயசு 14. பார்த்தால் இன்னும் நாலு வயசு குறைவாகத்தான் சொல்வீர்கள். அவ்வளவு குட்டை, அவ்வளவு ஒல்லி. பேர் ரயான் ஒயிட். அவன் உடம்பில் ஹெச்.ஐ.வி இருந்தது, அது எய்ட்ஸ் என்ற நிலைக்கும் போய்விட்டது. அன்றைக்குப் பகல் முடிவதற்குள் கோர்ட்டில் ஒரு தடை உத்தரவு வாங்கிவிட்டார்கள். பல மாசம் போராடி உள்ளே வந்தவன், ஒரே நாளில் திரும்ப வீட்டுக்கு.

‘அவன்’ என்று சொல்வதை மரியாதைக் குறைவாக எடுத்துக்காதீங்க. இருந்திருந்தால் இப்போது 50-ஐத் தாண்டியிருப்பார். ஆனால் 18 வயசில் போய்விட்ட பையனை ‘அவர்’ என்று எழுத கை வரவில்லை. இந்தக் கதையைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்குக் கிட்டத்தட்ட அந்த வயசுதானே?

கதையை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

1971 டிசம்பர் 6-ம் தேதி ரயான் பிறந்தான். பிறந்த மூணாவது நாளே ஹீமோஃபிலியா என்று தெரிந்துவிட்டது. அதாவது, காயம் பட்டால் ரத்தம் தானாக உறையாது. உங்களுக்கும் எனக்கும் முட்டியில் சிராய்ப்பு பட்டால் கொஞ்ச நேரத்தில் ரத்தம் நின்றுவிடும். அவனுக்கு நிற்காது. வெளியே தெரியாமல் மூட்டுக்குள்ளேயே ரத்தம் கசிந்து வீங்கும், உயிர் போகிற மாதிரி வலிக்கும். ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களில் ஒன்றான ஃபேக்டர் 8 அவன் உடம்பில் போதுமான அளவு இல்லை.

இதற்கு அந்தச் சமயத்தில்தான் ஒரு மருந்து வந்திருந்தது. மற்றவர்களின் ரத்தத்தில் இருக்கும் பிளாஸ்மாவிலிருந்து ஃபேக்டர் 8-ஐ மட்டும் பிரித்துப் பொடியாக்கி பாட்டிலில் அடைத்து விற்றார்கள். கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்டால் போதும். ஹீமோஃபிலியா பசங்களின் குடும்பங்களுக்கு அது வரப்பிரசாதம். ரயானுக்கும் வாரா வாரம் ஏற்றினார்கள்.

விஷயம் எங்கே சிக்கியது தெரியுமா? அந்த மருந்தைச் செய்ய ஒருத்தர் பிளாஸ்மா போதாது. ஆயிரக்கணக்கான பேரின் பிளாஸ்மாவை ஒரே தொட்டியில் கலந்துதான் செய்வார்கள். காசு வாங்கிக்கொண்டு பிளாஸ்மா கொடுத்தவர்களும் அதில் நிறைய. அந்த ஆயிரம் பேரில் ஒரே ஒருத்தருக்கு வைரஸ் இருந்தாலும் போதும், ஒரு குடம் பாலில் ஒரு துளி விஷம் மாதிரி மொத்தமும் கெட்டுப்போகும். ரத்தத்தில் ஹெச்.ஐ.வி இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்டுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததே 1985 மார்ச்சில்தான். மருந்தைச் சூடுபடுத்தினால் வைரஸ் செத்துவிடும் என்பதும் தாமதமாகத்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் அமெரிக்காவில் ஹீமோஃபிலியா உள்ளவர்களில் சுமார் பாதிப் பேருக்கு ஹெச்.ஐ.வி வந்துவிட்டது. பாதிப் பேர்! உயிரைக் காப்பாற்ற ஏற்றிய ஊசியிலேயே.

இதைத் தடுக்க ரயான் என்ன செய்திருக்க முடியும்? ஒன்றுமே இல்லை. தடுத்திருக்க வேண்டியவர்கள் பெரியவர்கள். இந்த வரியைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னாடி திரும்ப வருவோம்.

1984-ல் அவனுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. டிசம்பரில் நிமோனியா. நுரையீரலில் ஆபரேஷன் செய்து ஒரு பகுதியை எடுத்துப் பரிசோதித்தபோதுதான், டிசம்பர் 17-ம் தேதி, எய்ட்ஸ் என்று உறுதியானது. 13-வது பிறந்தநாள் முடிந்து 11 நாள்தான் ஆகியிருந்தது. இன்னும் ஆறு மாசம் இருப்பான் என்றார்கள் டாக்டர்கள். அவன் அம்மா ஜீன், கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர். கிறிஸ்துமஸ் முடியட்டும் என்று மனசுக்குள்ளேயே வைத்திருந்து, பிறகுதான் மகனிடம் சொன்னார்.

ஆறு மாசம் கழிந்தது. பையன் சாகவில்லை. கொஞ்சம் தேறி, பேப்பர் போடுகிற வேலைக்குக்கூடப் போனான். அடுத்து அவன் கேட்டது ஒன்றுதான்... ஸ்கூலுக்குப் போகணும்.

1985 ஜூன் கடைசியில் பள்ளி நிர்வாகம் முடியாது என்று சொல்லிவிட்டது. 117 பெற்றோர்களும் 50 ஆசிரியர்களும் அவனைச் சேர்க்கக் கூடாது என்று மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். அதற்குப் பதிலாக என்ன ஏற்பாடு செய்தார்கள் தெரியுமா? வீட்டிலிருந்தே டெலிபோனில் பாடம் கேட்கலாம் என்றார்கள். கொரோனா காலத்தில் ஆன்லைன் கிளாஸ் எவ்வளவு கடுப்பாக இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். அதில் முகமாவது தெரிந்தது. இவனுக்கு வெறும் கரகரக்கிற குரல் மட்டும். ஊரில் எல்லாப் பசங்களும் ஸ்கூலுக்குப் போக, இவன் மட்டும் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு படுக்கையறையில் உட்கார்ந்திருந்தான்.

சரி, தெரியாத நோய், பயந்துவிட்டார்கள், பாவம் என்று தோன்றுகிறதா? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால், தொட்டாலோ பக்கத்தில் உட்கார்ந்தாலோ எய்ட்ஸ் பரவாது என்று அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1983-லேயே சொல்லிவிட்டது. இப்படிப்பட்ட பிள்ளைகளை ஸ்கூலில் சேர்க்கலாம் என்று 1985 ஆகஸ்ட்டில் வழிகாட்டியே வெளியிட்டது. அதைவிடப் பெரிய சாட்சி ரயானின் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அம்மாவும் தங்கச்சியும் அவனோடு ஒரே வீட்டில் சாப்பிட்டு, கட்டிப்பிடித்து, ஒரே பாத்ரூமைப் பயன்படுத்தி வாழ்ந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்தச் செப்டம்பரில் அதிபர் ரீகனிடமே நிருபர்கள் இதைக் கேட்டார்கள். பெற்றோர்களின் பயமும் புரிகிறது, பையனின் கஷ்டமும் புரிகிறது என்கிற தொனியில் மழுப்பினார். நாட்டின் தலைவரே இப்படி என்றால் ஊர் என்ன செய்யும்?

மாநிலக் கல்வித்துறை ரயான் பக்கம் தீர்ப்பு சொன்னது. மறுபடி அப்பீல், மறுபடி தடை. கடைசியாக 1986 ஏப்ரல் 10-ம் தேதிதான் கோர்ட் தடையை நீக்கியது. அவன் உள்ளே போனான். ஆனால் எப்படி? தனி டாய்லெட். சாப்பிடத் தூக்கிப்போடுகிற தட்டு, ஸ்பூன். விளையாட்டு வகுப்பு கிடையாது. இதற்கெல்லாம் அவன் குடும்பம் ஒத்துக்கொண்டது. எப்படியாவது ஸ்கூலுக்குப் போனால் போதும் என்று இருந்தது அவனுக்கு.

உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது இல்லையா? கடையில் காய்கறி மேல் துப்புகிறான், ஆட்களைக் கடிக்கிறான் என்று வதந்தி கிளம்பியது. ஹோட்டலில் அவன் சாப்பிட்ட தட்டைக் குப்பையில் போட்டார்கள். அவன் பேப்பர் போட்ட வீடுகளில் சிலர் பேப்பரையே நிறுத்தினார்கள். சர்ச்சில் கை குலுக்க நீட்டினால் யாரும் பிடிக்கவில்லை. ஸ்கூல் லாக்கரைச் சேதப்படுத்தி, அவனுடைய ஃபைல்களில் ஓரினச்சேர்க்கையாளர்களைத் திட்டுகிற கெட்ட வார்த்தையை எழுதி வைத்தார்கள். கடைசியில் ஒரு நாள் வீட்டு ஹால் ஜன்னலில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. இனி இந்த ஊரில் இருக்க முடியாது என்று குடும்பம் மூட்டை கட்டியது.

அந்தக் கெட்ட வார்த்தையைப் பற்றி ஒன்று சொல்லணும். அப்போது பத்திரிகைகளுக்கு ரயானை ரொம்பப் பிடித்துப்போனதற்கு ஒரு காரணம், அவன் தப்பே செய்யாத அப்பாவி என்பது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால், இவன் அப்பாவி என்றால் மற்ற நோயாளிகள் எல்லாம் குற்றவாளிகளா? ஓரினச்சேர்க்கையாளர்கள், போதை ஊசி போட்டவர்கள் எல்லாம் சாக வேண்டியவர்களா? ரயானுக்கும் அவன் அம்மாவுக்கும் அந்த அடைமொழி பிடிக்கவே இல்லை. எப்படி வந்தால் என்ன, எய்ட்ஸ் வந்த எல்லாரையும் போலத்தான் நானும் என்பது அவன் நிலைப்பாடு. பதின்வயசுப் பையனுக்கு இருந்த இந்தத் தெளிவு, நம் ஊர் வாட்ஸ்அப் குரூப்களில் இன்றைக்கும் இல்லை. நோயாளியைப் பார்த்ததும் முதல் கேள்வியே ‘எப்படி வந்துச்சாம்?’ என்பதுதானே!

இப்போது கதையில் எனக்குப் பிடித்த பகுதி.

1987 ஆகஸ்ட் கடைசியில் சிசரோ என்ற ஊருக்குப் பக்கத்தில் ஹாமில்டன் ஹைட்ஸ் என்ற ஹைஸ்கூலில் ரயான் சேர்ந்தான். அதே இண்டியானா மாநிலம்தான். அதே மாதிரி சின்ன ஊர்தான். அங்கே மட்டும் மனிதர்கள் வேற கிரகத்திலிருந்து வந்தவர்களா என்ன? இல்லை. ஆனால் அந்த ஸ்கூல் ஒரு காரியம் செய்தது. அவன் வருவதற்கு முன்னாடியே, விஷயம் தெரிந்தவர்களைக் கூப்பிட்டுப் பசங்களுக்கு எய்ட்ஸ் பற்றி வகுப்பு எடுத்தது. எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்று சுற்றி வளைக்காமல் சொல்லிக்கொடுத்தார்கள். மாணவர் சங்கத்துப் பசங்களே முன்னால் நின்றார்கள். வீட்டுக்குப் போய் பயந்துகொண்டிருந்த அப்பா அம்மாவுக்கு அவர்களே விளக்கினார்கள்.

முதல் நாள் ரயான் உள்ளே போனபோது, பள்ளி முதல்வரும் சில மாணவர்களும் வாசலிலேயே நின்று கை கொடுத்தார்கள். கோகோமோவில் யாரும் தொடாத கை அது. அதுக்கப்புறம் அவன் சாதாரணப் பையனாக இருந்தான். நல்ல மார்க் வாங்கினான். டிரைவிங் லைசென்ஸ் எடுத்தான். கோடை விடுமுறையில் ஸ்கேட்போர்டு கடையில் வேலைக்குப் போனான்.

ஒரு ஊரில் குண்டு, இன்னொரு ஊரில் கைகுலுக்கல். நடுவில் இருந்த வித்தியாசம் சில மணி நேர வகுப்பு. 1988 மார்ச்சில் அதிபரின் எய்ட்ஸ் கமிஷன் முன்னால் சாட்சி சொன்னபோது 16 வயசு ரயான் இதைத்தான் எடுத்துச் சொன்னான்: தனக்கு நடந்ததற்கு அடிப்படை பயமும் அறியாமையும், புது ஊரில் அதை மாற்றியது படிப்பு.

இதற்குள் அவன் பெரிய ஆளாகியிருந்தான். டிவி பேட்டி, பத்திரிகை அட்டைப்படம், 1989-ல் அவன் கதையை வைத்து ஒரு டிவி படம். பாடகர் எல்டன் ஜான் குடும்ப நண்பரானார். மைக்கேல் ஜாக்சன் ஒரு சிவப்பு மஸ்டாங் கார் பரிசளித்தார். ஆனால், இந்த நோயால் பிரபலம் ஆவதில் அவனுக்குப் பெரிய சந்தோஷம் இல்லை. நோய் இல்லாமல் யாருக்கும் தெரியாத பையனாக இருந்திருந்தால் போதும் என்றுதான் நினைத்தான்.

1990 மார்ச் கடைசியில் மூச்சுத் திணறலோடு இண்டியானாபொலிஸில் இருக்கும் ரைலி குழந்தைகள் மருத்துவமனையில் சேர்த்தார்கள். வென்டிலேட்டர் வைத்தார்கள். எல்டன் ஜான் வந்து குடும்பத்துக்கு ஒத்தாசையாகக் கூடவே இருந்தார். ஏப்ரல் 8-ம் தேதி ரயான் இறந்தான். பள்ளிப் படிப்பு இன்னும் முடியவில்லை. அடுத்து காலேஜ் என்று திட்டம் வைத்திருந்தான். இறுதிச் சடங்குக்கு 1,500 பேருக்கு மேல் வந்தார்கள். அதிபரின் மனைவி பார்பரா புஷ்ஷும் வந்திருந்தார். நாலு மாசம் கழித்து, ஆகஸ்ட்டில், ஏழை ஹெச்.ஐ.வி நோயாளிகளின் சிகிச்சைக்கு அமெரிக்க அரசு பணம் ஒதுக்கும் சட்டம் அவன் பெயரிலேயே வந்தது. இன்றுவரை அது நடப்பில் இருக்கிறது. எல்டன் ஜான் அதே வருஷம் போதைப் பழக்கத்திலிருந்து மீண்டு, 1992-ல் எய்ட்ஸுக்காக ஒரு அறக்கட்டளை ஆரம்பித்தார்.

ஹெச்.ஐ.வி-யை அடக்கி வைக்கும் கூட்டு மருந்துகள் 1996-ல்தான் வந்தன. ஆறு வருஷம்... அவ்வளவுதான் அவனுக்குக் கிடைக்காமல் போனது.

சரி, இதெல்லாம் அமெரிக்கா, நமக்கு என்ன என்று கேட்கலாம். ரயான் ஸ்கூல் வாசலில் நின்ற அதே 1986-ல்தான் நம் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும், அவரிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மாணவி நிர்மலாவும் ரத்த மாதிரிகளை எடுத்து வேலூருக்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்து, இந்தியாவிலும் ஹெச்.ஐ.வி இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். இதெல்லாம் நம் கலாசாரத்துக்கு வராது என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்த நாடு இது. இன்றைக்கு உலகம் முழுக்க 10 முதல் 19 வயசுக்குள் சுமார் 15 லட்சம் பேர் ஹெச்.ஐ.வி-யோடு வாழ்கிறார்கள். அதில் நிறைய பேர் பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து பெற்றவர்கள். மற்றவர்களுக்குப் பாதுகாப்பில்லாத உடலுறவும், ஒரே ஊசியைப் பலர் பயன்படுத்துவதும்தான் பெரிய காரணங்கள்.

ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன வரி... ரயானால் தடுத்திருக்க முடியாது. இன்றைக்கு நிலைமை அப்படி இல்லை. ரத்த வங்கியில் ஒவ்வொரு பாட்டிலையும் டெஸ்ட் செய்யணும் என்பது சட்டம். கர்ப்பிணிக்கு ஹெச்.ஐ.வி இருந்தாலும், நேரத்தோடு மருந்து எடுத்தால் பெரும்பாலும் குழந்தைக்கு வராமல் தடுத்துவிடலாம். மீதி இருப்பது உங்கள் கைக்கும் வந்திருக்கிறது. அதனால்தான் இதை நேரடியாகவே சொல்கிறேன். அட்வைஸ்னு தள்ளிவிட்டுடாதீங்க.

கோகோமோ பயந்தது ஸ்பூனைப் பார்த்து, கதவுக் கைப்பிடியைப் பார்த்து. நம் வீடுகளிலும் அப்படித்தான். கொசு கடித்தால் வருமா, ஒரே டம்ளரில் குடித்தால் வருமா என்று கேட்போம். வராது. முத்தத்தால், கண்ணீரால், நீச்சல்குளத்தால் வராது. பயத்தையெல்லாம் அங்கே செலவு பண்ணிவிட்டு, உண்மையில் வரக்கூடிய இடத்தைப் பற்றிப் பேச வெட்கப்படுகிறோம். ஆணுறை என்ற வார்த்தையைச் சொல்லவே வாய் வராது. ஆனால் முறையாகப் பயன்படுத்தினால் ஹெச்.ஐ.வி-யை மிக நன்றாகத் தடுப்பது அதுதான். ஊசி, பிளேடு எதையும் இன்னொருவரோடு பகிரக் கூடாது. டாட்டூ குத்தப் போனால், புது ஊசியை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். கூச்சப்படவே வேண்டாம்.

இதையும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. ஆணுறை கிழிந்தாலோ, யாராவது வற்புறுத்தி உங்களை ஏதாவது செய்திருந்தாலோ, 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் போனால் தொற்று உண்டாகாமல் தடுக்க மருந்து இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் போகிறீர்களோ அவ்வளவு நல்லது. 28 நாள் விடாமல் சாப்பிடணும். தப்பு உங்கள் மேல் இல்லாத விஷயத்தில் வீட்டில் என்ன சொல்வார்களோ என்று பயந்து உட்கார்ந்திருந்தால் அந்த 72 மணி நேரம் ஓடிவிடும்.

அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் என்ற போர்டைப் பார்த்திருப்பீர்கள். அங்கே டெஸ்ட் இலவசம், விவரம் வெளியே போகாது. 18 வயசுக்குக் கீழே என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதம் கேட்பார்கள். அதற்கு முன்னால் சந்தேகம் மட்டும் கேட்கணும் என்றால் 1097-க்கு போன் போடலாம், காசு கிடையாது. சம்பவம் நடந்த மறுநாளே டெஸ்ட் எடுத்து நெகட்டிவ் என்று வந்தால் நிம்மதியாகிவிடாதீர்கள். வைரஸ் டெஸ்ட்டில் தெரியச் சில வாரங்கள் ஆகலாம், மறுபடி எப்போது வரணும் என்று அங்கிருக்கும் கவுன்சலர் சொல்வார். பாசிட்டிவ் என்றாலும் மாத்திரை இலவசம். தினமும் ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருந்தால், உடலுறவு மூலம் இன்னொருவருக்குப் பரவாது. படிக்கலாம், வேலைக்குப் போகலாம், கல்யாணம் செய்யலாம்.

உங்கள் கிளாஸில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால்? ஹெச்.ஐ.வி இருக்கிறது என்பதற்காக யாரையும் பள்ளியிலோ கல்லூரியிலோ சேர்க்க மறுக்கக் கூடாது என்று இந்தியாவில் 2017-ல் சட்டம் வந்தது, 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தப் பிள்ளையின் விஷயத்தை அவரைக் கேட்காமல் வெளியே சொல்வதும் தப்பு. கிளாஸ் குரூப்பில் ஒரு மெசேஜ் தட்ட ரெண்டு செகண்ட் ஆகாது. தட்டாமல் இருக்கவும் அதே ரெண்டு செகண்ட்தான்.

சிசரோவில் ரயானைப் புதைத்த பிறகும் அவனை விடவில்லை. முதல் வருஷத்திலேயே பலமுறை அவன் கல்லறையைச் சேதப்படுத்தினார்கள். அவன் அம்மா ஜீன் அதற்கும் அசரவில்லை. ஊர் ஊராக ஸ்கூல்களுக்குப் போய்ப் பேசினார். மகனின் அறையில் இருந்த சாமான்களை இண்டியானாபொலிஸ் குழந்தைகள் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். 2007-லிருந்து அங்கே அந்த அறையை அப்படியே அமைத்து வைத்திருக்கிறார்கள். போஸ்டர்கள், பொம்மைகள், கட்டில் எல்லாம் இருக்கின்றன. ஸ்கூல் பசங்க வகுப்பு வகுப்பாக வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.